இத்திமுறிப்பில் காயாத சிவப்பு

கமலாசனியின் வயலிலிருந்து எடுத்த பானையில் பூசியிருந்த சிவப்பு இன்னும் காய்ந்திருக்கவில்லை. பானை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியது என்று பிறகு ஆய்வுகூடத்தில் சொன்னார்கள். அதையும் இத்திமுறிப்பில் யாரும் மறுக்கவில்லை. பானை பழசு, சிவப்பு ஈரம், இரண்டும் உண்மை. முல்லைத்தீவுக் கடல்நீரை அள்ளி வந்து அம்மன் கோயிலில் அதில் விளக்கெரிக்கிற பகுதி இது. ஒவ்வொரு வைகாசியும் அந்த விளக்கு எரிகிறது, சனம் கும்பிட்டுவிட்டு ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. ஆகவே ஒரு பானை காயவில்லை என்பதற்காக வேலையை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நிற்க இங்கே எவருக்கும் நேரம் இருக்கவில்லை. மாரிக் காலபோக நெல் விதைப்புக்கு மழை வேறு பிந்தியிருந்தது.

புரட்டாதியில் கமலாசனியின் வயலுக்கு வாய்க்கால் வெட்டவென்று முல்லைத்தீவிலிருந்து சிறாஜ் தன் பெக்கோ இயந்திரத்தோடு வந்திருந்தான். இயந்திரத்தின் வாளி பட்டும் பானை உடையவில்லை. அவன் கீழே குதித்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி வரம்பில் வைத்தான். அடியிலிருந்து தோள்வரை சிவப்பு. தோளுக்கு மேலே, கழுத்து வரைக்கும், ஒரு சாண் அகலம் வெறும் சுட்ட மண். நான்கு விரல்களால் இழுத்துப் பூசிய கோடுகள் அந்த இடத்தில் சட்டென்று நின்றிருந்தன. "கமலாக்கா, ஆரோ இப்பதான் பெயின்ற் அடிச்சிட்டு எழும்பிப் போயிருக்கினம்" என்று சொல்லி உள்ளங்கைகளைக் காட்டினான். இரண்டும் சிவப்பு. வாய்க்கால் தண்ணீரில் கழுவினான், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தான், சவர்க்காரத் தூளும் தேசிக்காயும் தேய்த்தான். அது போகவுமில்லை, காயவுமில்லை. அன்றிலிருந்து அவன் தொட்டதெல்லாம் சிவந்தது. இயந்திரத்தின் கைபிடி, தேத்தண்ணிக் கடையின் கிளாஸ், மகளின் கன்னம். அவன் மனைவி றிஸ்பா முதலில் கத்தினாள், பிறகு அவனுக்கென்று ஒரு துவாயையும் ஒரு கதிரையையும் ஒதுக்கிவிட்டாள். அதோடு அந்த வீட்டில் பிரச்சினை தீர்ந்தது.

கமலாசனிதான் பயந்தாள், ஈரத்தைக் கண்டு அல்ல. அவளுடைய தகப்பன் ஏரம்பு தீவுப்பகுதியிலிருந்து வந்து, அரசாங்கம் குளம் திருத்திக் காணி கொடுத்த காலத்தில் காடு வெட்டி அந்த வயலை உண்டாக்கியவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடி இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு தரமும் ஏதோ ஒன்று பாதியில் நின்றது. ஒருமுறை வெட்டாத நெல், ஒருமுறை கூரை போடாத வீடு, ஒருமுறை அடுப்பில் அரைவாசி அவிந்த மரவள்ளிக்கிழங்கு. கடைசியில் செட்டிகுளத்து அகதிமுகாம் கூடாரத்திலிருந்து அவளும் கணவன் நடராசாவும் வீடு வந்தபோது வயல் வேறு யாருடையவோ வேலிக்குள் இருந்தது. அந்த வேலியைக் கழற்றுவிக்க அவள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கறுத்த தலையோடு போகத் தொடங்கியவள், வயல் கைக்கு வந்தபோது நரைத்திருந்தாள். அடுத்த ஊரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய கல் வந்தது. கல்லுக்குப் பின்னால் தொல்பொருள் கந்தோரின் கம்பிவேலி ஒன்று வந்தது. வேலிக்குப் பின்னால் அந்த ஊரார் இன்றைக்கும் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். தன் வயலுக்கும் அது வரப்போகிறது என்று பானையைக் கண்ட உடனேயே கமலாசனிக்கு விளங்கிவிட்டது. "அம்மாளாச்சி, இதை ஏனணை இப்ப காட்டினனீ?" என்று அம்மனைக் கேட்டுக்கொண்டு வரம்பிலேயே குந்திவிட்டாள்.

திரும்ப மண்ணுக்குள் தாட்டுவிடுவோம் என்றார் நடராசா. சிறாஜைக் கொண்டே தாட்டார்கள். பின்னேரத்துக்குள் மேல்மண் சிவந்து கசிந்தது, பக்கத்துக் காணி மாடுகள் வந்து அதில் கால் வைத்து ஊரெல்லாம் குளம்படி பதித்தன. பானையைத் திரும்ப வெளியே எடுத்த பிறகுதான் நடராசாவுக்கு அந்த யோசனை வந்தது. கோயில் பொங்கலுக்கு வைக்கிற பானையை இங்கே வளந்து என்பார்கள். வளந்தை எந்தக் கந்தோராலும் தொட முடியாது, தொட்டால் ஊரே திரளும். ஆகவே வயற்கரையில் மூன்று கல் வைத்து, பானைக்குத் திருநீறு பூசி, ஒரு பொங்கல் பொங்கிவிட்டால் அது அம்மனுடைய வளந்தாகிவிடும், பழம்பொருளாக இராது. இத்திமுறிப்பாரைத் தவிர வேறு யாரும் இப்படிக் கெட்டித்தனமாக மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். பொங்கல் சிவப்பாக வந்தது. சர்க்கரைப் பொங்கல்தானே என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மருதமர நிழலில் சரிந்தார்கள், ஊர் முழுக்க ஒரே கனவைக் கண்டது.

கனவில் குளம் சின்னதாக இருந்தது, காடு கரைவரைக்கும் வந்திருந்தது. ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து எதையோ பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிள்ளை மண்ணில் கிடந்து காலை உதைத்தது. தூரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழும்பி, சிவந்த கையைத் தொடையில் துடைத்து, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பானையை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் கனவு. இதை எழுதுகிறவரும் ஒரு கவளம் தின்றவர்தான். முகத்தைக் கண்டேன் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். விழித்தெழுந்தபோது எல்லோருக்கும் உடம்பு லேசாக இருந்தது, ஈர மண் மணந்தது. அவள் கொண்டை எப்படி முடிந்திருந்தாள் என்பதை நடராசா மட்டும் விரல் வைத்துக் காட்டினார். "அதை மட்டும் வடிவாய்ப் பார்த்திருக்கிறியள்" என்றாள் கமலாசனி. சிரித்த சிரிப்பில் கனவின் கதை மாங்குளச் சந்திவரை போனது. சந்தியிலிருந்து தொல்பொருள் கந்தோருக்குப் போக அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

கந்தோரிலிருந்து வந்தவர் தன்மையான மனிதர். உழவு இயந்திரப் பெட்டியில் கொங்கிறீற்றுத் தூண்களையும் முட்கம்பியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாலும், படலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பானையின் வயதை முதலில் அறிய வேண்டும் என்றார். பழம்பொருள் என்றால் பழைய காலத்தவர் செய்து முடித்து விட்டுப்போன பொருள். அது உறுதியானால் குளக்கட்டிலிருந்து பனைவரிசை வரை வேலி வரும். அதுவரை வயலைக் கிண்ட வேண்டாம். பானையை எடுத்துப்போகும்படி ஊரார் சொன்னபோது தன் வெள்ளை ஜீப்பை ஒருமுறை பார்த்தார், பார்க்க வந்திருந்த சிறாஜின் கைகளை ஒருமுறை பார்த்தார், இங்கேயே இருக்கட்டும் என்றார். சிறாஜே அதைத் தூக்கிக் கமலாசனி வீட்டு விறாந்தையில் வைத்தான். தூண்களை மருதமரத்தின் கீழே இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தூண்களைப் பார்க்காமல் நேர்வழியால் வயலுக்குள் இறங்க முடியாது. கமலாசனி வேறு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினாள்.

ஆய்வுக்கு வந்தவள் பிரஷாந்தினி, வவுனியாப் பெண், பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவள். பழைய பானைகளின் சிவப்பைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவள் ஆழமாகப் பார்த்ததில்லை என்று அவளுடைய தாயே சொல்வாராம். துப்பாக்கி வடிவில் இருந்த ஒரு கருவியைப் பானையின் மேல் பிடித்தாள். எந்த மூலகம் எவ்வளவு என்று திரையில் வந்தது. இரும்பு நிறைய, தைத்தேனியம் கொஞ்சம், மங்கனீசு மருந்துக்கு. பிறகு நகத்தில் ஒட்டுமளவு சிவப்பையும் கொஞ்சம் அடிக்கரியையும் சுரண்டிச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு போனாள். கமலாசனி அவளுக்கு ஒடியல் பிட்டு அவித்துக் கொடுத்தாள், வேலியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது மட்டும், "பிள்ளை, உள்ளதை எழுதுங்கோ. கொஞ்சம் மெதுவாய் எழுதுங்கோ" என்றாள்.

ஆய்வுகூடத்தில் அந்தச் சிவப்பு ஒளித்து வைத்தது எதுவுமில்லை, காய மட்டும் மறுத்தது. லேசர் ஒளி பட்டால் ஒவ்வொரு தாதும் தனக்குரிய கோடுகளைக் காட்டும். இது ஹேமடைட் என்னும் இரும்புத் தாதின் கோடுகளைப் பிசகாமல் காட்டியது. முழங்காவில் செம்மண், மாங்குளத்துக் கிரவல் என்று பல இடத்து மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இத்திமுறிப்புக் குளத்தின் பின்பக்கக் கிரவல் கிடங்கோடு மட்டும் பொருந்தியது. ஒட்டுவதற்கு விளாம்பிசின் கலந்திருந்தார்கள். பானையைச் சுட்டு, சமைத்துப் பாவித்து, பிறகுதான் பூசத் தொடங்கியிருக்கிறார்கள். கமலாசனியின் பொங்கல் கரியை ஒதுக்கி, அதற்கு அடியில் இருந்த பழைய கரியைக் கொண்டு வயது கணித்தார்கள். கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. எல்லாம் ஒழுங்கு. ஆனால் உலர் அடுப்பில் வைத்த சிவப்பு ஈரமாகவே வெளியே வந்தது. நிறை ஒரு துளியும் குறையவில்லை. காற்றை உறிஞ்சும் அறைக்குள் வைத்தார்கள், பம்பி தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. அடுப்பில்தான் பிழை என்று பேராசிரியர் தன் நனைந்த குடையை உள்ளே வைத்துப் பார்த்தார். குடை காய்ந்தது, பிடி உருகியும் போனது. பிரஷாந்தினி அச்செடுத்த வரைபடங்களில் சிவப்புக் கோடுகள் மட்டும் கையில் ஒட்டின.

ஐப்பசியில் மழை இறங்கியது. வயலைக் கிண்ட வேண்டாம் என்று சொன்னார்களே தவிர விதைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து நடராசா நெல்லை எறிந்தார். மறுபடி வந்த பிரஷாந்தினி பானையைப் படம் எடுத்து, முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெறும் மண்ணாக இருந்த பட்டை ஒடுங்கியிருந்தது. "அன்ரி, இதில நீங்கள் ஏதும் பூசினனீங்களே?" என்று கேட்டாள். கமலாசனிக்குக் கோபம் வந்தது. "எனக்கு என்ர வீட்டுச் சுவருக்கே வெள்ளை அடிக்க நேரமில்லை, பிள்ளை" என்றாள். ஆகவே பிரஷாந்தினி ஒரு கதிரையைப் போட்டுப் பானைக்கு முன்னால் இருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாய்கூடச் சுருண்டு படுத்த நேரத்தில், சிவப்பின் விளிம்பு அசைந்தது. நான்கு விரல் அகலத்தில், இடமிருந்து வலமாக, ஒரு கோடு போனது. கையைக் காணவில்லை. கோடு பாதியில் நின்றது, பிள்ளையைப் பார்க்கப் போனவள் திரும்பி வருகிற அளவு நேரம் கழித்து, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. பிரஷாந்தினி கருவியை எடுக்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள். ஏன் என்று கமலாசனி கேட்டதற்கு, "அவ திரும்பி வந்திட்டா அன்ரி" என்றாள். "ஓம், நாங்களும் வந்தனாங்கள்தானே" என்றாள் கமலாசனி.

பிரஷாந்தினி அனுப்பிய அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. மண் பழசு, கரி பழசு, சிவப்பு இந்த ஊர்ச் சிவப்பு, பொருள் இன்னும் செய்து முடிக்கப்படவில்லை, செய்பவர் வேலையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். கந்தோரில் அதைப் பலர் வாசித்தார்கள். ஈர வரைபடங்களைத் தொட்டு விரல் சிவந்தவர்கள் அதிகம் வாதாடவில்லை. செய்து முடித்து விட்டுப்போன பொருள்தான் பழம்பொருள், இது முடியவுமில்லை, இவர் போகவுமில்லை, முடிகிறபோது பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். மட்பாண்டம் செய்கிறவரைப் பதிய வேண்டும் என்று சிறுகைத்தொழில் பகுதியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, செய்பவரின் தந்தை பெயரைக் கேட்டு, யாருக்கும் தெரியாததால் போய்விட்டார். தூண்கள் மருதமரத்தின் கீழேயே கிடந்தன. முடிகிறபோது என்ற சொல்லைக் கமலாசனி மறக்கவில்லை.

மார்கழி வந்தது. மத்தியானத்துக்கு மத்தியானம் சிவப்பு ஏறியது. மழை நாட்களில் கொஞ்சம், வெயில் நாட்களில் கூட. ஊரில் மத்தியானத்தில் சத்தம் போடுகிறவர்கள் குறைந்தார்கள், ஒலிபெருக்கி வைத்திருக்கிறவர்களும்கூட. வயலில் பயிர் குடலைப் பருவத்துக்கு வந்து, பிறகு கதிர் தள்ளியது. பானையில் கழுத்தோரம் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் வேலி வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விளைந்த நெல்லைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிவரும். கமலாசனிக்கு அது முதல் தடவையாக இருக்காது.

நடராசா ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தார். "இஞ்ச பார், மேல் விளிம்பில ஒருக்கால் துடைச்சு விடுவம். அவ திரும்பப் பூசுவா. கிழமைக்கு ஒருக்கால் துடைச்சால் நாங்கள் சாகுமட்டும் இது முடியாது." புத்தியுள்ள யோசனைதான். வேறு யாரும் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள். பிரஷாந்தினியும் அன்று அங்கே இருந்தாள். அவள் வெளியே வயலைப் பார்த்தாள். கமலாசனி துணியைப் பறித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? வீட்டுக்கு நிலை வைக்க வைக்க எங்களை எழுப்பி விட்டாங்கள். விளைஞ்ச நெல்லை விட்டிட்டு ஓடு எண்டாங்கள். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கேலாமல் அலைஞ்ச வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். அதை நான் இன்னொருத்திக்குச் செய்யமாட்டன்."

"வயல் போயிடுமடி."

"ஓம், போகும்" என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெரிதாக அழுதாள். வயலை நினைத்துத்தான் அழுதாள். அது வெளியில் நன்றாகக் கேட்டது, நடராசா துணியைக் கொடியில் விரித்துவிட்டு அதன் கீழேயே நின்றார்.

தை பிறந்து சில நாளில், ஒரு மத்தியானம், கடைசிக் கோடு கழுத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. கமலாசனி பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு கை பானையின் மேல் தட்டிப் பார்க்கிற சத்தம் இரண்டுதரம் கேட்டதாம். அதோடு சிவப்பு அடியிலிருந்து மேலே காய்ந்துகொண்டு வந்தது. ஈர மினுக்கம் போனது, மங்கல் ஏறியது, மயிரளவு வெடிப்புகள் ஓடின, சுண்ணாம்புப் பூப்புப் பூத்தது. கண்முன்னால் அது அத்தனை நூற்றாண்டு பழசாகிவிட்டது. முல்லைத்தீவில் சிறாஜ் சோற்றில் கை வைக்கப்போன நேரம் உள்ளங்கையிலிருந்து சிவப்புப் பொருக்காக உதிர்ந்தது. அவன் போன் எடுத்து, "அக்கா, முடிஞ்சுதோ?" என்றான். "ஓம் தம்பி. நல்ல வடிவாய் முடிச்சிருக்கிறா" என்றாள் கமலாசனி. வயல் போகப்போகிறது என்று தெரிந்தும் அந்தப் பானையைப் பார்க்க அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

பிரஷாந்தினி வந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. முடிந்தது என்று எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. எழுதினாள். தன்மையான அலுவலர் ஆட்களோடு வந்தார், இம்முறையும் படலையில் செருப்பைக் கழற்றினார். கதிர்கள் மஞ்சளித்துத் தலை சாய்ந்திருந்தன. வெட்டும்வரை பொறுக்கலாமோ என்று நடராசா கேட்டார்; தன் கையில் இல்லை என்று அவர் சொன்னபோது அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஊர் குளக்கட்டில் நின்று பார்த்தது. கமலாசனி தகப்பன் வெட்டிய முதல் வரம்பின் முனையில் போய் நின்றாள். முதல் தூணுக்கு அங்கேதான் குழி கிண்ட வேண்டியிருந்தது. அவள் விலகவில்லை, அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு அலவாங்குக் கம்பியால் மண்ணைக் குத்தினார்கள்.

மூன்றாவது குத்தில் அலவாங்கு மெத்தென்று இறங்கியது. ஆட்கள் கையால் மண்ணை விலக்கினார்கள். உள்ளே பிசைந்த களிமண். அதன் நடுவில் புதிதாக வனையத் தொடங்கிய ஒரு பானை. சுடவில்லை, உலரவில்லை, அடிப்பாகம் மட்டும் எழும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பில் ஒரு பெருவிரல் பள்ளம் விழுந்தது, பக்கத்தில் இன்னொன்று விழுந்தது, விளிம்பு ஒரு நெல்மணி அளவு உயர்ந்தது. பிரஷாந்தினி முழங்காலில் இருந்து குனிந்து பார்த்தாள். கருவிகள் எல்லாம் பையிலேயே இருந்தன. "வேலையில இருக்கிறா" என்றாள்.

அலுவலர் நெடுநேரம் குழிக்குள் பார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டது, குளக்காற்று கதிர்களை அசைத்தது. கடைசியில் அவர் தாழ்ந்த குரலில், "இது எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"ஆருக்குத் தெரியும், ஐயா" என்றாள் கமலாசனி. "முதல்ல வனைஞ்சு முடிக்கவேணும். பிறகு நிழல்ல காயவேணும், சுடவேணும், அதில சமைச்சுத் தின்னவேணும். அதுக்குப் பிறகுதான் சிவப்பு. பிள்ளைக்காரி, அவவை அவசரப்படுத்தாதேங்கோ."

அவர் தலையாட்டினார். ஆட்கள் குழியை மெல்லிய மண்ணால் மூடினார்கள், வெயில் படாமலிருக்க மேலே ஒரு தென்னோலையைப் போட்டார்கள். தூண்களையும் கம்பியையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலையில் கமலாசனி அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு நெல் அரிவு வெட்டத் தொடங்கினாள்.